ஹாரன் அண்ணன் நடந்து வருகிறார்

கம்பெனி ஆபீஸில் டிரைவர்களுக்குச் சாவி கொடுப்பவள் அவள். இன்று வேன் சாவியை நீட்டவில்லை. உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள்.

"லைசென்ஸ் எங்கண்ணே?"

"வீட்ல இருக்கும்மா."

"நேத்தும் வீட்லதான் இருந்துச்சு. என்ன, வீட்டுக்குக் காவலா?"

ஹாரன் அண்ணன் தரையைப் பார்த்தார். ஹாரனையே தொடாமல் பள்ளி வேனை ஓட்டுகிறவர் என்பதால் மற்ற டிரைவர்கள் வைத்த கிண்டல் பெயர் அது. இத்தனை நாள் அந்த அமைதியை அவள் நல்ல குணம் என்று நினைத்திருந்தாள்.

ஒரு வாரமாக மனுஷன் நடந்து வருகிறார். சட்டை முதுகோடு ஒட்டிக் கிடக்கிறது. உயிராய் வைத்திருந்த பைக் எங்கே என்றால் ரிப்பேர் என்கிறார். எந்தக் கடையில் விட்டிருக்கிறீர்கள் என்றால் பேச்சை மாற்றுகிறார்.

விற்றுக் குடித்துவிட்டாரோ? குடித்துவிட்டு எவன் மேலாவது ஏற்றினாரோ?

சாவி கொடுக்கும் சாக்கில் தினமும் பக்கத்தில் போய் மூச்சை இழுத்துப் பார்த்தாள். குடிகாரர் வீட்டில் பிறந்து, அந்தக் கூச்சலுக்கு நடுவே படித்து டிகிரி வாங்கியவள். அவள் மூக்கை ஒருத்தரும் ஏமாற்ற முடியாது. சோப்பு வாசனைதான் வந்தது.

அதிலும் சந்தேகம். இவ்வளவு சோப்பு எதற்கு?

லைசென்ஸ் இல்லாதவர் கையில் வேன் ஒரு சுவரை உரசினாலும் போதும், இன்சூரன்ஸ்காரன் கையை விரித்துவிடுவான். பள்ளிக்கூடம் மறுநாளே வேறு கம்பெனியைத் தேடும். முதலாளி முதலில் கேட்பது, சாவியைக் கொடுத்தது யார் என்றுதான். அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது.

சத்தம் கேட்டு முதலாளியே வந்துவிட்டார். "என்னய்யா பஞ்சாயத்து காலங்காத்தால?"

"லைசென்ஸ காட்ட மாட்டேங்கிறார் சார்."

ஹாரன் அண்ணன் கைகளைக் கட்டிக்கொண்டார்.

"போன ஞாயித்துக்கெழம போலீஸ் புடிச்சிட்டாங்கய்யா. பைக்ல போறப்ப போன் பேசிட்டேன். லைசென்ஸ வாங்கி வச்சிக்கிட்டாங்க. மூணு மாசம் கழிச்சுதான் தருவாங்களாம்."

"அடப்பாவி! அப்புறமும் பிள்ளைங்கள ஏத்திக்கிட்டு வேன ஓட்டினியா?"

"பைக்லதானேய்யா புடிச்சாங்க?" அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. "அதுக்கப்புறம் பைக்கத் தொடவேயில்ல. சத்தியமா. அதான் நடந்தே வர்றேன்."

முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். "ரெண்டுக்கும் ஒரே லைசென்ஸ்தான்யா! நீ லீவு நாள்ல ஆடுற கூத்துக்கு என் கம்பெனி தலையில மண்ணா? அப்படி யாருகிட்டய்யா நடுரோட்டுல கொஞ்சிக்கிட்டிருந்த?"

ஹாரன் அண்ணன் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். ஒரு நொடிதான்.

"சம்சாரம்யா," என்றார்.

அவளுக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் காலை டிரிப்புக்கு ஆள் கிடைக்கவில்லை. லீவு நாளானாலும் ஆபீஸ் அழைப்பை எடுக்காத டிரைவருக்கு அந்த வாரம் வேலை கிடையாது என்பது கம்பெனி சட்டம். கூப்பிடுவது அவள் வேலை. அன்று அவள் கூப்பிட்டது அவரைத்தான்.

"வண்டில இருக்கேம்மா, ஓரமா நிறுத்திட்டுக் கூப்பிடுறேன்," என்றார்.

"அதெல்லாம் வேணாம். வைக்காதீங்க. வர முடியுமா முடியாதா, இப்பவே சொல்லுங்க."

பதிலுக்கு ஒரு விசில் சத்தம் கேட்டது. பிறகு லைன் கட்டாகிவிட்டது. மரியாதை தெரியாத ஆள், முகத்தில் அடித்த மாதிரி வைத்துவிட்டார் என்று அன்று முழுக்கப் பொருமிக்கொண்டிருந்தாள்.

"இந்த ஆளோட கணக்க முடிச்சு அனுப்பும்மா," என்றார் முதலாளி.

ஹாரன் அண்ணன் இப்போது அவளைப் பார்க்கவில்லை. பார்த்துவிடக் கூடாது என்பதற்காகவே ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"சரிங்க சார்," என்றாள்.