தண்ணீர் அசைய வேண்டும்

மேஜை மேல் மூன்று மோட்டார்கள். ஞானசெல்வி டீச்சர் அவற்றைப் பார்த்த பார்வை, திருட்டுக் கேஸில் பிடித்த மூன்று பேரை வரிசையாக நிறுத்திப் பார்க்கிற இன்ஸ்பெக்டரின் பார்வையாக இருந்தது.

முகம்மது ஹுசைன் கழிவுத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டான்.

ரத வீதியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டுகிறவன் அவன். விசைத்தறி மோட்டாரோ, கிணற்று மோட்டாரோ, சங்கரன்கோவிலில் எது கருகினாலும் அவனிடம்தான் வரும். கடல் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் கேட்டு இதுவரை யாரும் வந்ததில்லை.

தொட்டியைப் பற்றி ஊருக்கே தெரியும்.

டீச்சரின் அப்பா ஞானஒளிவு தூத்துக்குடியில் சங்கு குளித்தவர். காற்றுக் குழாயைக் கடித்துக்கொண்டு ஆழத்தில் இறங்குவார். கடலுக்குள் ஓடுகிற ஓட்டத்துக்கு அவர் பேச்சில் நீவாடு என்று பெயர். ஒரு நாள் அவசரமாக மேலே வந்ததில் இடுப்புக்குக் கீழே செயலற்றுப் போய்விட்டது. மகள் தான் வேலை பார்க்கிற ஊருக்கு, கடலே இல்லாத ஊருக்கு, அவரைக் கூட்டிவந்துவிட்டாள்.

அவருக்காகத்தான் அந்தக் கண்ணாடித் தொட்டி. பவளக் கல், உயிருள்ள ஒரு கடல்பூ, அதற்குள் ஒளிந்து விளையாட இரண்டு ஆரஞ்சு மீன். தண்ணீர் மட்டும் தூத்துக்குடியிலிருந்து கேன் கேனாகப் பஸ்ஸில் வரும். மொத்தக் கடலையும் லாரியில் அடித்துவிடலாமே டீச்சர் என்று கண்டக்டர் கேலி செய்வான்.

இப்போது அப்பா சாப்பிட மறுக்கிறார்.

"தண்ணி அசையணும் பாய். அசைஞ்சாத்தான் அப்பா வாயைத் திறப்பாங்க."

மீன் சுணங்கிவிட்டது, அதைப் பார்த்துப் பெரியவரும் சுணங்கிவிட்டார் என்று ஹுசைன் நினைத்துக்கொண்டான்.

முதல் மோட்டார் காற்று ஊதுவது. குழாயை வாளித் தண்ணீரில் விட்டான். குபுகுபுவென்று குமிழி கிளம்பியது. டீச்சர் வாசல் வேம்பிலிருந்து ஓர் இலையைக் கிள்ளிவந்து மிதக்க விட்டாள். இலை நின்ற இடத்திலேயே நடுங்கியது.

வேண்டாம்.

இரண்டாவது, ரூம் கூலரில் இருக்கிற சின்ன பம்ப். மதுரையிலிருந்து வந்த சரக்கு. வாளிக்குள் முக்கி சுவிட்சைப் போட்டதும் இலை பாய்ந்து போய் வாளியின் எதிர்ப்பக்கத்தில் மோதியது. டீச்சர் முகம் மலர்ந்தது. வியாபாரம் முடிந்தது என்று ஹுசைன் பம்பைச் சுற்றிக்கொடுக்கப் பழைய பேப்பரை எடுத்தான்.

இது தண்ணிக்குள்ளேயா கிடக்கும், என்று கேட்டாள்.

ஆமாம். உப்புத் தண்ணீர் என்பதால் சீல் சீக்கிரம் போகலாம், கரண்ட் கசியலாம். உள்ளதைச் சொல்லிவிட்டான். உடனே ஆறுதலும் சொன்னான்.

"மீனுக்குப் பயமில்ல டீச்சர். கம்பியில காக்கா உக்காருத மாதிரிதான். நாம கைய விடாம இருந்தாச் சரி."

மலர்ந்த முகம் பட்டென்று அணைந்தது. டீச்சர் அந்த பம்பைக் கையாலேயே ஓரமாகத் தள்ளிவைத்தாள்.

மூன்றாவது விற்பனைக்கே இல்லை. அம்பாசிடர் கார் வைப்பர் மோட்டார், பாட்டரியில் ஓடும். தன் பிள்ளையின் தொட்டிலை ஆட்டுவதற்காக ஹுசைன் செய்தது. அது போட்ட சத்தத்தில் பிள்ளை வீறிட்டு அழ, பெண்டாட்டி போட்ட சத்தம் அதைவிடப் பெரிது. அன்றிலிருந்து மூலையில் கிடக்கிறது.

அதன் கம்பியில் துடுப்பு மாதிரி ஒரு மரப்பட்டையைக் கட்டி, பட்டை மட்டும் தண்ணீரில் படும்படி பிடித்தான். மோட்டார் தறி மாதிரிக் கடகடத்தது. பட்டை முன்னே போனது, பின்னே வந்தது. இலையும் முன்னே போனது. பின்னே வந்தது.

டீச்சர் வெகுநேரம் அந்த இலையையே பார்த்தாள்.

இந்தச் சத்தத்தில் பெரியவரால் தூங்க முடியாது என்று ஹுசைன் எச்சரித்தான்.

"அவங்க காது ரெண்டும் கடலோட போச்சு பாய்," என்றாள். "இதையே மாட்டித் தாங்க."

சாயங்காலம் சைக்கிள் கேரியரில் பாட்டரியைக் கட்டிக்கொண்டு போனான். அடுத்த வீட்டு மாரித்தாய் வாசலில் முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி நின்றாள்.

தொட்டியைப் பார்த்ததும் அவள் ஏன் அழுகிறாள் என்று அவனுக்குப் புரிந்தது. மீன் இல்லை. கடல்பூவும் இல்லை. பவளக் கல் மேல் செம்மண் படலம்.

மீன் சுணங்கிக் கிடக்கிறதே என்று மாரித்தாய்தான் கோவில் புற்றுமண்ணைக் கரைத்து விட்டிருக்கிறாள். இந்த ஊரில் கட்டிக்கும் காய்ச்சலுக்கும் அதுதான் மருந்து. ஹுசைனின் உம்மா மைமூனம்மாளே வாங்கிப் பூசுவாள். ஆனால் அசையாத தண்ணீரில் மண் அப்படியே இறங்கிக் கடல்பூவை மூடிவிட்டது. போன வாரமே எல்லாம் முடிந்துவிட்டது.

பிறகு யாருக்கு மோட்டார்?

"மீன் செத்ததுக்கு அப்பா ஒண்ணும் சொல்லல பாய். அது ஓடுறப்போ தண்ணிக்குள்ள விட்ட கையில கொஞ்சம் அசைவு தட்டும், அதுவும் இல்லாமப் போச்சு. தண்ணி செத்துக் கெடக்குன்னு சொல்லிட்டு அன்னைக்குப் படுத்தவங்கதான்."

சொல்லிக்கொண்டே அப்பாவின் நாற்காலியைத் தொட்டியை ஒட்டித் தள்ளிவந்தாள். அவர் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டாள்.

கூலர் பம்பை ஏன் ஓரமாகத் தள்ளினாள் என்று ஹுசைனுக்கு அப்போதுதான் தெரிந்தது. நாம கைய விடாம இருந்தாச் சரி என்று தான் சொன்னதும் நினைவு வந்தது.

பட்டையை மாட்டினான். மோட்டாரை ஓடவிட்டான். பாட்டரிதானே, ஷாக் அடிக்காது என்று தெரியும். இருந்தாலும் முதலில் தன் கையை முழங்கை வரை உள்ளே விட்டுப் பார்த்தான்.

பிறகுதான் பெரியவரின் கையை எடுத்துத் தண்ணீருக்குள் வைத்தான்.

கல் மாதிரிக் கிடந்தது அந்தக் கை. மெல்ல விரல்கள் விரிந்தன. முன்னே போயின. பின்னே வந்தன.

ஞானஒளிவு கண்ணை மூடிக்கொண்டார்.

"நீவாடு திரும்பிட்டு மக்கா," என்றார், காது கேளாதவர்களின் உரத்த குரலில்.

மகள் கஞ்சியை எடுத்துவந்து மறுபக்கம் முழங்காலிட்டாள். பவளக் கல்லின் மேலிருந்து மண் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளம்பிக்கொண்டிருந்தது.

கண்ணைத் திறக்காமலே அவர் வாயைத் திறந்தார்.