நூறும் பூஜ்யமும்

உள்ளே வந்த வேகத்தில் அவள் முதலில் செய்தது, சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பிய்த்ததுதான்.

ஒரே இழுப்பு. நான்கு மூலையிலும் டேப் மட்டும் சுவரோடு நின்றுவிட்டது. கோபம் வந்தால் அவளுக்குக் கை சும்மா இருக்காது, அலுவலகம் முழுக்கத் தெரிந்த விஷயம். தாளை நாலாக மடித்துத் தோள்பையில் திணித்தாள்.

கண்காணிப்பு அறையின் ஷிஃப்ட்காரர் முதுகைக் காட்டி உட்கார்ந்து, போனில் யாரிடமோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கேட்கட்டும். நன்றாகக் கேட்கட்டும். அவர்கள் நிறுவனத்தின் நேரலையில் ஒன்பது லட்சம் பேர் பார்த்துக்கொண்டிருந்த இறுதி ஆட்டம். தொடங்கிய ஆறாவது நிமிடமே பெனால்டி. உதைக்க ஆள் ஓடி வருகிறான், அத்தனை பேர் திரையும் கறுத்துப்போனது.

"மூணு வருஷம்," என்றாள், அவர் போனை வைப்பதற்குள். "மூணு வருஷமா உயிரைக் கொடுத்து எழுதினேன். ஒரே நிமிஷத்துல கொன்னு போட்டுட்டீங்க."

பொய்யில்லை. பார்க்கிறவர்களின் இணைய இணைப்புகளைத் தாங்கும் அந்த டிசிபி ஸ்டாக் மென்பொருளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை அவளேதான் எழுதினாள். மற்ற மென்பொருள்களுக்கு வருகிற தரவுப் பாக்கெட்டை, கணினியையே நடத்துகிற கர்னல் வாங்கி, எண்ணி, ஆற அமர எடுத்துக் கொடுக்கும். அவளுடையதற்கு அந்தப் பொறுமை கிடையாது. கர்னலை ஓரங்கட்டிவிட்டு, நெட்வொர்க் கார்டிலிருந்து நேராக அள்ளிக்கொள்ளும். வந்ததா, வந்ததா என்று கார்டை நச்சரித்துக்கொண்டே இருக்கும். அதனால் வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ப்ராசஸர் மீட்டர் நூறிலேயே நிற்கும். கர்னலின் கண்ணில் எதுவும் படுவதில்லை என்பதால், அதன் கணக்கில் பாக்கெட் பூஜ்யம்.

விவரம் தெரியாதவர் திரையைப் பார்த்தால், ஏதோ மென்பொருள் பித்துப் பிடித்துச் சும்மா சுற்றுகிறது என்றுதான் நினைப்பார். ஷிஃப்ட்காரரும் அப்படித்தான் நினைத்தார். இன்றைக்குத்தான் அதை முதல்முறையாக நிஜ ஆட்டத்துக்கு ஏற்றியிருந்தார்கள். ஐந்து நிமிடம் பார்த்தார். நிறுத்திவிட்டார். இணைப்புகள் ஒன்பது லட்சமும் அந்த ஸ்டாக்கின் வயிற்றுக்குள்தான் இருந்தன. அதோடு சேர்ந்து அவையும் போயின.

மேலாளர் வந்து கதவைச் சாத்தினார். அவர் முகத்தைப் பார்த்தாலே யாருடைய வேலையாவது இன்று போகும் என்று தெரிந்தது.

"சொன்னபடிதான் சார் செஞ்சேன்," என்றார் ஷிஃப்ட்காரர். "போன வாரமே இதைப் பத்திக் கேட்டு மேல அனுப்பி..."

"யாரைக் கேட்டீங்க?" அவள் குரல் கண்ணாடிச் சுவரைத் தாண்டிப் போனது. வெளியே நான்கைந்து தலைகள் திரும்பின. "என்னைக் கேட்டீங்களா? எனக்கு ஒரு போன் பண்ணீங்களா?"

"போன் பண்ணல மேடம்." அவர் மேலாளர் பக்கம் திரும்பினார். "தாள்லயே இருக்கு சார். நீங்களே பாருங்க."

சுவரில் நான்கு துண்டு டேப் இருந்தது.

அவர் மேசைக்கு அடியில் பார்த்தார். பீரோவுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினார். குப்பைக் கூடையைக் கவிழ்த்தார். காலையில் இங்கேதான் இருந்தது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நாற்பது வயது மனிதர் முழங்காலில் நின்று தேடுவதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. போதும், எழுந்திருங்கள் என்று கத்தியே விட்டாள்.

மேலாளர் கையை நீட்டினார்.

ஷிஃப்ட்காரர் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்தார். ஹெட்செட்டைக் கைக்குட்டையால் துடைத்து, அடுத்து வருகிறவருக்காக மேசையில் வைத்தார். கதவருகே நின்று அவளைப் பார்த்தார்.

"நீங்களாவது சொல்லுங்க மேடம். கேக்காம எதையும் தொடுற ஆளா நான்?"

அவள் தோள்பையை இழுத்து அணைத்துக்கொண்டாள். வாயைத் திறந்தால் இன்னும் கத்திவிடுவாள் போலிருந்தது. அவர் போய்விட்டார்.

மாடிப்படியில் இறங்கும்போதும் அவளுக்கு ஆத்திரம் தீரவில்லை. அந்த மனிதர் மேல், மேலாளர் மேல், ஆறாவது நிமிடத்திலேயே பெனால்டி வாங்கிய அணி மேல் என்று ஒருவர் பாக்கியில்லாமல் மனதுக்குள் திட்டினாள். இரண்டாம் தளத்துத் திருப்பத்தில் யாரும் இல்லை. நின்று, பையிலிருந்து தாளை எடுத்துப் பிரித்தாள்.

மேலே அச்சில் விதி: மீட்டர் நூறு, பாக்கெட் பூஜ்யம், ஐந்து நிமிடம் நீடித்தால் நிறுத்தவும்.

அதன் கீழே பென்சிலில், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் குண்டு குண்டான எழுத்து: 'புது ஸ்டாக் எப்போதுமே நூறு காட்டும் என்கிறார்கள். அதற்கும் இதே விதிதானா? தயவுசெய்து பார்த்துச் சொல்லவும்.'

அதற்குப் பக்கத்தில் நீல மையில் ஒரு டிக். போன வாரத் தேதி. அவளுடைய கையெழுத்து.

கையெழுத்தை அறைக்குள் நுழைந்ததுமே பார்த்துவிட்டாள். கோப்போடு வந்த நாற்பது தாள்களுக்கு ஒரே மூச்சில் போட்ட கையெழுத்துகளில் அதுவும் ஒன்று.

கேள்வியை இப்போதுதான் படிக்கிறாள்.