கேசட்டின் கடைசி நொடிகள்

"ஏனுங்க, இந்தக் கேசட்டுல பேசற பேய் யாருன்னு உங்களுக்குத் தெரியுங்களா?"

வாசலில் நின்ற புது ஆள் அப்படித்தான் கேட்டார். கீழ் கோத்தகிரி எஸ்டேட்டின் லயத்து வரிசை வீடுகளுக்கு வெளியாட்கள் வருவதே அபூர்வம். இந்துமதி பாதிக் கதவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள்.

பெயர் மனோகரன், ஊர் கோயம்புத்தூர். எந்தக் கடையிலும் இப்போது கிடைக்காத ராப், மெட்டல் கேசட்டுகளைத் தேடி அலைகிறவர் என்று சொல்லிக்கொண்டார். அவர் பையிலிருந்து எடுத்த கேசட்டின் மேல் அவளுடைய அண்ணன் ஜெகதீசனின் கையெழுத்து இருந்தது: 'அரைச் சம்பளம்'.

ஆறு வருடத்துக்கு முன்னால், தேயிலை விலை விழுந்து ஃபேக்டரி அரை நாள் மட்டும் ஓடத் தொடங்கிய காலம். அவளை ஒன்பதாம் வகுப்போடு நிறுத்தினார்கள். அண்ணனும் இரண்டு கூட்டாளிகளும் தகர டிரம்மைத் தட்டி ராப் பாடிப் பதிந்தார்கள். மொத்தம் பத்துப் பிரதிகூடத் தேறாது. பிறகு அண்ணன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான்.

மனோகரனுக்கு இதுவரை மூன்று பிரதிகள் கிடைத்திருந்தன. கடைசிப் பாட்டு முடிந்தபின் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு குரல் வருகிறது என்றார். ஒன்றில் ஒரு பெண் சிரிக்கிறாள். இன்னொன்றில் ஒரு குழந்தை வாய்ப்பாடு சொல்கிறது. மூன்றாவதில் ஓர் ஆண். மூன்றையும் அவர் இன்டர்நெட்டில் போட்டதிலிருந்து, பாடினவர்கள் ஆவியைப் பிடித்துப் பதிந்திருக்கிறார்கள் என்று பேச்சாம்.

வாக்மேனில் சின்ன ஸ்பீக்கரைச் செருகி ஓட்டினார். வெறும் இரைச்சல். அப்புறம், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு குரல்.

"வராத பேச்சி. இங்க வந்திடாத."

டக்கென்று கேசட் தீர்ந்து நின்றது. இந்துமதி கதவை முழுதாகத் திறந்துவிட்டாள். அதே லயத்துப் பேச்சியம்மா அத்தையின் புருஷன், அழகர்சாமி மாமாவின் குரல் அது. அவர் செத்து ஆறு வருடமாகிறது.

திக்கித் திக்கி அவள் விஷயத்தைச் சொன்னாள். இந்த லயத்தில் இருப்பவர்கள் எல்லாம் சிலோன் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். அங்கேயே நின்றுவிட்ட, எழுதத் தெரியாத சொந்தங்கள் கேசட்டில் பேசி, இந்தப் பக்கம் வருகிறவர் கையில் கொடுத்தனுப்புவார்கள். வந்த கேசட்டை லயமே கூடி உட்கார்ந்து கேட்கும். புதுக் கேசட் வாங்க வழியில்லாத அண்ணன், வீடு வீடாக அவற்றைச் சொல்லாமல் எடுத்து, மேலேயே தன் பாட்டைப் பதிந்துவிட்டான். பாட்டு போதாத இடத்தில் பழைய பேச்சு அழியாமல் மிஞ்சியிருக்கிறது.

"நாங்கெல்லாம் பேயின்னு லைட்டப் போட்டுட்டுத் தூங்கறோம். நீங்க மாமாங்கறீங்க" என்றார் மனோகரன். அவள் சிரிக்கவில்லை.

கேசட் பறிபோன வீட்டுக்காரர்கள் எல்லாரும் விஷயம் தெரிந்த அன்றைக்கு இவர்கள் வாசலில் நின்று ஏசினார்கள். பேச்சியம்மா மட்டும் வரவில்லை. அவருடைய கேசட்டும் அண்ணன் கையில் இருந்ததை இந்துமதி பார்த்திருந்தாள். ஏன் திருடினாய் என்று கேட்டதற்கு அவன் வாயே திறக்கவில்லை. அன்று முதல், குழாயடியில் பேச்சியம்மாவைக் கண்டால் அவள் குடத்தை விட்டுவிட்டுத் திரும்பிவிடுவாள்.

அடுத்த கப்பலில் வருகிறேன் என்று சிலோனிலேயே தங்கியவர் அழகர்சாமி. கப்பல் நின்றது, சண்டை வந்தது. அவருடைய கடைசிக் கேசட்டின் முதல் பக்கத்தை லயமே கேட்டது. பேட்டரி இறங்கிவிட்டது என்று சொல்லி, அடுத்த பக்கத்தைப் போடாமல் பேச்சியம்மா எடுத்துக்கொண்டு போனார். அந்த மாதமே அழகர்சாமி செத்துவிட்டதாகத் தகவல் வந்தது. பேச்சியம்மா பொட்டை அழித்தார்.

"ஒரே ஒரு வாட்டி அத்தைக்குப் போட்டுக் காட்டுங்க. சண்டை நேரத்துல வந்து மாட்டிக்காதன்னு பாசத்துல சொல்லியிருக்காரு. அது அவங்களுக்குச் சேரணும்."

யாரிடமும் அவள் இவ்வளவு பேசியதில்லை. மனோகரன் சம்மதித்தார். கேசட்டையே பேச்சியம்மாவுக்குக் கொடுத்துவிடுவதாகவும் சொன்னார்.

பேச்சியம்மா, வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் எஸ்டேட் மடுவத்திலிருந்து ஈரக் கையோடு வந்து வாசற்படியில் உட்கார்ந்தார். அண்ணன் திருடியதை இந்துமதி தலைகுனிந்தபடி ஒப்புக்கொண்டாள். மனோகரன் பட்டனை அழுத்தினார்.

"வராத பேச்சி. இங்க வந்திடாத."

அழுவார் என்று இந்துமதி காத்திருந்தாள். பேச்சியம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே இருந்தார். கை காய்ந்த பிறகும் துடைத்தார்.

"அண்ணனை மன்னிச்சிருங்க அத்தை."

"ஒங்கண்ணன் திருடல புள்ள. இதுக்கு முன்னால இன்னும் நெறையப் பேசியிருந்தாரு. அங்க ஒருத்தியக் கட்டிக்கிட்டாராம், ரெண்டு புள்ளைங்களாம். அவரு செத்துட்டாருன்னு லயத்துக்குச் சொன்னது நான். இது மேல பாடி அழிச்சிருன்னு ஜெகன் கையில குடுத்ததும் நான்தான்."

பேச்சியம்மா மனோகரன் பக்கம் திரும்பினார்.

"இத எத்தன பேரு கேட்டிருக்காங்க தம்பி?"

மனோகரன் ஸ்பீக்கரைக் கழற்றினார். கேசட்டை எடுத்து அவருக்குப் பக்கத்தில் படியில் வைத்தார். பையை மாட்டிக்கொண்டு மூடுபனிக்குள் இறங்கிப் போனார்.