பத்துக்கு நாலு

"குழந்தை எப்படி இருக்கான்? பத்துக்கு எத்தனை மார்க் போடுவீங்க?" குழந்தைகள் கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்து இரண்டே நாளான நர்ஸ், படிவத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"நாலு" என்றார் எதிரில் உட்கார்ந்திருந்த அம்மா.

"அவனையே கேட்டா என்ன சொல்வான்?"

"ஒன்பதரைம்பான். சரியான அழுத்தக்காரன்."

"சாப்பாடு?"

"டிபன் பாக்ஸ் போன மாதிரியே திரும்பி வருது. வந்ததும் கதவைச் சாத்திக்கறான். என்னடான்னு கேட்டா, ஒண்ணுமில்லம்மான்னு ஒரே பாட்டு." அம்மாவின் குரல் இளகியது. "முன்னெல்லாம் வாய் ஓயாதும்மா. நான் பாத்திரம் தேய்க்கறப்போ சமையல் மேடை மேல ஏறி உட்கார்ந்துப்பான். யாரு யாரைக் கிள்ளினா, டீச்சர் யாரைத் திட்டினாங்க, ஒண்ணு விடாம கொட்டுவான். கேக்கற ஜோருல தேய்ச்ச பாத்திரத்தையே மறுபடியும் தேய்ப்பேன்."

நர்ஸுக்குச் சிரிப்பு வந்தது. "எல்லாம் இந்த செல்போன் வந்து கெடுத்ததும்மா. டாக்டர்கிட்ட சொல்லுங்க, ஒரு அதட்டல் போடுவார். ஆமா, குழந்தையை எங்க காணோம்?"

"உள்ளேதான் இருக்கான்."

நர்ஸ் பதறிப்போய் எழுந்து கதவைத் திறந்தாள். "உள்ளே டாக்டர் மட்டும்தான்மா இருக்கார்!"

"அவனேதான். வீட்டுல பிடிக்க முடியல. அதான் டோக்கன் வாங்கிட்டேன்."

சத்தம் கேட்டு வெளியே வந்தார், தலை நரைத்த டாக்டர். "என்னம்மா இது? நான் நல்லாத்தான்..." என்று சிரித்தபடி ஆரம்பித்தவர், படிவத்திலிருந்த எண்ணைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நாலு ஜாஸ்திம்மா" என்றார்.