சந்தனக்காட்டு வளைவு

காரில் இருந்தவர்கள் மூன்று பேர். முன்சீட்டில் சேனாதிபதி. ஓட்டியது அவர் தம்பி மகன் அஜித்குமார். பின்சீட்டில் சேனாதிபதியின் மனைவி அன்னக்கொடி, மடியில் மஞ்சள் பையில் ஒரு கோடிச் சேலையோடு.

சேலை அழகம்மாளுக்கு. சேனாதிபதியின் ஒரே தங்கை. காந்தல்லூரில் அன்று விடியற்காலையில் இறந்திருந்தாள்.

கொடைக்கானல் மேல்மலையில் இருக்கும் அவர்கள் ஊரான போளூரில் இருந்து மலை மேலேயே நடந்தால் காந்தல்லூர் அதிக தூரம் இல்லை. அழகம்மாள் வாக்கப்பட்டுப் போனதும் அந்த வழியில்தான். இப்போது வனத்துறை விடுவதில்லை. பழனிக்கு இறங்கி, உடுமலையைச் சுற்றி, சின்னாற்றில் கேரள எல்லையைத் தாண்டி, மறுபடியும் மலை ஏற வேண்டும்.

பிறந்த வீட்டுக் கோடி விழாமல் பெண்ணின் உடம்பை எடுப்பதில்லை. பொழுது சாய்வதற்குள் அண்ணன் வந்து சேராவிட்டால் புருஷன் வீட்டாரே ஒரு சேலையைப் போர்த்தி எடுத்துவிடுவார்கள். பிறந்த வீடு இல்லாதவளாகப் போய்ச் சேருவாள். சேனாதிபதியின் குடும்பத்துக்கு அப்படி ஒரு பேச்சு வந்ததில்லை.

தங்கையோடு அவருக்கு இரண்டு வருடமாகப் பேச்சில்லை. ஏன் என்று அவரிடம் கேட்க ஊரில் ஆள் இல்லை. ஆனாலும் கோடியை அவர்தான் கொண்டுபோக வேண்டும்.

எல்லைச் சாவடிக்கு முன்னால் ஒரு டீக்கடையில் அஜித்குமார் காரை நிறுத்தினான். செல்போனை நீட்டினான்.

"பெரியப்பா, இதக் கேளுங்க. நம்ம பூண்டு வண்டிக்காரங்க குரூப்புல வந்துருக்கு."

யாரோ ஒரு லாரி டிரைவரின் குரல். சாவடி தாண்டி, சந்தனக்காட்டுப் பக்கம் கைக்குழந்தையோடு ஒருத்தி நிற்பாள். கை காட்டுவாள். இரக்கப்பட்டு நிறுத்தினால் புதருக்குள் இருந்து ஆட்கள் வருவார்கள். நகையும் மிஞ்சாது, வண்டியும் மிஞ்சாது. தமிழ்நாட்டு நம்பர் என்றால் விடவே மாட்டார்கள்.

டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவியபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"போன மாசம் இதே பொம்பள ஒட்டன்சத்திரத்துல நின்னுச்சு. பாவம், புள்ளையத் தூக்கிக்கிட்டு எம்புட்டுத் தூரந்தான் நடக்கும்."

அஜித்குமாருக்குச் சிரிப்பு வரவில்லை. திரும்பி, தேனி, போடிமெட்டு வழியாகச் சுற்றிப் போகலாமா என்றான்.

சுற்றினால் கோடி மறுநாள்தான் போய்ச் சேரும். நேரே போய் ஏதாவது நடந்துவிட்டால், அடுத்த மாநிலத்துப் போலீஸ் ஸ்டேஷனில் கைகட்டி நின்றார் என்று நாளைக்கு ஒருவன் பேசுவான். சேனாதிபதி டீயைக் குடிக்காமல் கிளாஸைப் பிடித்தபடி நின்றார்.

காருக்குள் இருந்து அன்னக்கொடி பேசினாள்.

"இப்படியே போவோங்க. வெரசாப் போயிரலாம்."

அவர் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. "யாரு நின்னாலும் நிறுத்தக்கூடாது," என்று அஜித்குமாரிடம் சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

சாவடி தாண்டியதும் தூறல் பிடித்தது. அன்னக்கொடி முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தாள். துடைத்த இடம் மறுபடியும் மூடியது. மறுபடியும் துடைத்தாள்.

சந்தனக்காட்டு வேலி தொடங்கும் வளைவில் ஒருத்தி நின்றாள்.

தலையில் துண்டு. தோளில் குழந்தை. ஒரு காலை ஊன்றி, மறுகாலை மடக்கிப் பின்னால் இருந்த கல்லில் வைத்திருந்தாள்.

"பெரியப்பா," என்றான் அஜித்குமார். அவன் கண் புதர் மேலேயே இருந்தது. கால் மட்டும் தானாக பிரேக்குக்குப் போயிற்று.

கார் மெதுவானது. அவள் கை காட்டவில்லை. ஓரடி முன்னால் வந்து, குழந்தையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தாள். குழந்தையின் ஒரு காலில் ஊதா நிற சாக்ஸ் இருந்தது. மறுகாலில் இல்லை.

"ஏலே, சொன்னது மறந்துபோச்சா? போ."

கார் போனது. சேற்றுத் தண்ணீர் எதன் மேலோ தெறித்த சத்தம் கேட்டது. புதரில் இருந்து எவரும் வரவில்லை.

அன்னக்கொடி பின்கண்ணாடிப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். காந்தல்லூர் வரும்வரை முன்னால் திரும்பவில்லை.

வெளிச்சம் இருக்கும்போதே கோடி விழுந்தது. சேனாதிபதி சேலையை விரித்துத் தங்கையின் கால்வரை இழுத்துவிட்டார். வந்திருந்தவர்கள் எழுந்து வழிவிட்டார்கள். வாசலில் ஒரு பெண் மட்டும் காருக்குள் குனிந்து பார்த்துவிட்டு, "மூணு பேருதான் வந்தீகளா?" என்றாள்.

"மூணு பேருதான்," என்றார் சேனாதிபதி.

மறுநாள் திரும்பும்போது மூணாறு, போடிமெட்டு, தேனி என்று சுற்றிப் போகச் சொன்னார். காரணம் கேட்ட அஜித்குமாரிடம் அந்த லாரி டிரைவர் சொன்னதையே சொன்னார்.

இப்போதெல்லாம் அவர் காரில் முன்சீட்டில் உட்காருவதில்லை. கொடைக்கானல் போகிற வழியில் ரோட்டோரம் எவளாவது பிள்ளையோடு பஸ்ஸுக்கு நின்றால் கண்ணை மூடிக்கொள்கிறார். ஒரு நாள் சாப்பாட்டுக்கு நடுவில், "அந்த இன்னொரு காலு நனஞ்சிருக்கும்," என்றார். அன்னக்கொடி ரசத்தை ஊற்றிவிட்டு எழுந்து போனாள்.

போளூரில் அஜித்குமார் சொல்லச் சொல்ல புதருக்குள் ஆள் கூடிக்கொண்டே போனது. கையில் அரிவாளும் வந்துவிட்டது. திருட்டுக் கூட்டத்துக்கு மிரண்டுபோய்த்தான் பெரியவர் அன்றைக்கு நிறுத்தவில்லை என்று ஊரில் இன்றும் ஒரு பேச்சு உண்டு.

அது பொய். அந்த வளைவில் திருட்டுக் கூட்டம் எதுவும் இல்லை. சேனாதிபதி எவனுக்கும் மிரண்டதும் இல்லை. அவர் சொல்லை மீறி ஒருவனைக் கட்டிக்கொண்டு, இரண்டு வருடமாக அத்தை அழகம்மாளின் வீட்டில் இருந்த, அன்று அவர் வரும் வழி பார்த்துப் பிள்ளையோடு வந்து நின்ற தன் மகள் லாவண்யாவை அவர் தூரத்திலேயே அடையாளம் கண்டுகொண்டார். பள்ளிக்கூட பஸ்ஸுக்கும் அவள் அப்படித்தான் நிற்பாள்.