நடு அறை மாமா

ஹேமலதா தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் மட்டிச் சிப்பி வாங்கிவந்து, அதன் உடம்பில் வாழும் கிருமிகளை ஆராய்பவள். மதியச் சாப்பாட்டின்போது அப்பா தெய்வசிகாமணிக்கு விளக்கினாள்.

"செல்லுக்கு நடுவுல உட்கரு இருக்குல்ல, அதுக்குள்ளயே இந்த பாக்டீரியா குடியேறிடுதுப்பா. உள்ளயே தின்னு உள்ளயே பெருகுது. செல்லைச் சாகவும் விடாது."

"வெக்கங்கெட்ட செல்லு! அடிச்சுத் தொரத்த வேண்டியதுதானே?"

சொல்லிவிட்டு அவர் நடு அறைக் கதவைப் பார்த்தார். ஹேமலதாவின் மஞ்சள் நீராட்டு விழாவில் சீர்த்தட்டோடு வந்து தாய்மாமன் இடத்தில் உட்கார்ந்த ஒருவர், அன்றுமுதல் அந்த அறையில்தான் இருக்கிறார். ஆனால் ஹேமலதாவின் அம்மா செல்வாம்பாளுக்கு அண்ணன் தம்பியே கிடையாது. சபையில் 'நீ யார்' என்று கேட்டால் குடும்ப மானம் போய்விடுமென்று தெய்வசிகாமணி அன்று வாயை மூடிக்கொண்டார்.

மகள் கைகழுவப் போனதும் மனைவியிடம் மெல்லக் கேட்டார். "அவரு உனக்கு என்ன ஒறவு?"

செல்வாம்பாள் தலைகுனிந்தாள். "மானத்தக் காப்பாத்த நீங்கதான் யாரையோ கூட்டியாந்தீங்கன்னு நெனச்சேன். கேக்க வெக்கமா இருந்துச்சு."

நடு அறையிலிருந்து குரல் வந்தது. "மச்சான், இன்னும் நாலு எலை போடச் சொல்லுங்க."

உள்ளே அதே குரலில் பலர் சிரித்தார்கள். தெய்வசிகாமணி மனைவியின் முகத்தைப் பார்க்காமல் தோட்டத்துக்கு இலை அறுக்கப் போனார்.