அலமாரிக்குப் பின்னால்

பினாங்குக் கடலோர வீட்டின் அடுக்களையில், புதிதாய் அடித்த சுண்ணாம்பில் மாலை வெயில் பட்டுக் கண் கூசுகிறது. மகளோடு போய் இருக்க அமலம்மாளுக்கு வெள்ளிக்கிழமை நாகப்பட்டினம் கப்பல்; அதற்குள் வீடு விற்றாக வேண்டும். ஆனாலும் சுவரை மறைக்கத் தரகன் ரேமண்ட் வைத்திருந்த அலமாரியை அவள் இடுப்பால் நெட்டித் தள்ளி, முழங்கால் உயரத்தில் அரித்திருக்கும் உப்புத் தடத்தைக் காட்டுகிறாள். "அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் சாக்கடை வழியா கடல் தண்ணி இதுவரைக்கும் ஏறும், தம்பி." வாங்க வந்த குமாஸ்தா, கைக்குழந்தையோடு நிற்கும் மனைவியைப் பார்க்கிறார், குடையை எடுத்துக்கொண்டு படியிறங்குகிறார். "மூணாவது ஆளையும் விரட்டிட்டீங்களா அக்கா! நாலு நாளைக்கு வாய மூடிக்கிட்டு இருங்க லா!" ரேமண்ட் அலமாரியைத் திரும்பச் சுவரோடு சேர்க்கப் போகிறான். "விடு ரேமண்ட்." அமலம்மாள் வெறுந்தரையில் உட்கார்ந்து இடுப்பைப் பிடித்துக்கொள்கிறாள். "அடுத்து வர்றவங்களும் பாக்கணும். மறுபடி தள்ள எனக்குத் தெம்பு இல்ல."